எல்லைப் பாதுகாப்பில் உயர் அதிகாரியாக வர திருகோணமலைப் பெடியன் எந்தப் பக்கம் போகவேண்டும்?

கேள்வி: "தம்பி உயர்தரம் எழுதிவிட்டு நிற்கிறான். கடல் எல்லைப் பாதுகாப்பில் பெரிய அதிகாரியாக வரவேண்டும் என்கிறான். வீடு திருகோணமலையில். எந்தத் திணைக்களம் நல்லது, மேலே போக எவ்வளவு காலம் எடுக்கும், போனபிறகு உண்மையில் என்ன வேலை?"

அக்கா, "எல்லைப் பாதுகாப்புப் படை" என்று ஒரே பெயரில் ஒரு வேலை இலங்கையில் இல்லை. இந்தியத் தொலைக்காட்சியில் காட்டுகிற படை 1965 இல் தரை எல்லைக்காக உருவாக்கப்பட்டது. எங்களுக்குக் கடல்தான் எல்லை. கடற்படை, கோஸ்ட் காட் என்று சனம் சொல்கிற கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், பொலிஸ், சுங்கம், குடிவரவு குடியகல்வு, கடற்றொழில் எல்லாம் ஆளுக்கொரு சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எல்லையைப் பார்க்கின்றன. சுங்கத்துக்கு 1869 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பொலிஸுக்கு 1865 இன் 16, குடிவரவுக்கு 1948 இன் 20, கடற்றொழிலுக்கு 1996 இன் 2, கோஸ்ட் காட்டுக்கு 2009 இன் 41. சீருடையைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன்னால், எந்தச் சட்டம் யாருடைய கையில் இருக்கிறது என்பதைத் தம்பி தெரிந்துகொள்ளட்டும். ஏனென்றால் இந்த வேலையில் பிடிப்பது ஒருவர், வழக்குப் போடுவது இன்னொருவர். குச்சவெளிக்கு வெளியே கடற்படை ஒரு படகை மடக்கினால், கஞ்சா இருந்தால் பொலிஸிடம் போகும், தீர்வை கட்டாத சரக்கு என்றால் சுங்கத்திடம், தடைசெய்த வலை என்றால் கடற்றொழில் பரிசோதகரிடம். கைமாறுகிற அந்த இடத்தில்தான் நல்ல வழக்குகள் உடைந்துபோகின்றன. உயர் அதிகாரி என்பவர் அந்தக் கைமாற்றம் உடையாமல் பார்த்துக்கொள்கிற ஆள். நான் எழுதப்போவதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

உள்ளே போகிற வழிகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொலிஸில் உப பொலிஸ் பரிசோதகராகச் சேரலாம், அல்லது பட்டம் முடித்துவிட்டு உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் போட்டிப் பரீட்சை எழுதலாம். உப பரிசோதகராகத் தொடங்கினால் பரிசோதகர், பிரதான பரிசோதகர், உதவி அத்தியட்சகர், அத்தியட்சகர், சிரேஷ்ட அத்தியட்சகர், பிரதிப் பொலிஸ் மா அதிபர் என்று படி ஏறவேண்டும். அத்தியட்சகர் ஆக 20 வருடத்துக்குக் குறைவாகக் கணக்குப் போடவேண்டாம். சுங்கத்தில் பட்டதாரிகளுக்கு உதவி அத்தியட்சகர் திறந்த போட்டிப் பரீட்சை இருக்கிறது. பிறகு பிரதி அத்தியட்சகர், அத்தியட்சகர், பிரதிப் பணிப்பாளர், பணிப்பாளர் என்று போகும். உச்சியிலிருக்கிற பணிப்பாளர் நாயகம் பதவிக்கு வெளியிலிருந்து ஆளைப் போடுவதும் உண்டு. கடற்படை அதிகாரியாக வேண்டுமென்றால் பயிற்சிக் கழகம் ஊரிலேயே இருக்கிறது, டொக்யாட் என்கிற கடற்படைத் தளத்துக்குள். கிழக்குக் கடற்படைத் தலைமையகமும் அதற்குள்தான், அதன் தளபதி ரியர் அட்மிரல் தரத்தவர். கோஸ்ட் காட்டுக்கு ஆட்கள் பெரும்பாலும் கடற்படையிலிருந்துதான் வருகிறார்கள், அதன் பணிப்பாளர் நாயகமும் அப்படித்தான். ஆகவே "நேரே கோஸ்ட் காட்" என்று தம்பி நிற்கவேண்டாம்.

எங்கே சேர்ந்தாலும் தகுதிகாண் காலம், வினைத்திறன் காண் தடைதாண்டற் பரீட்சை, அரச கரும மொழித் தேர்ச்சி மூன்றும் வரும். தடைதாண்டலை உரிய வருடத்துக்குள் எடுக்காவிட்டால் சம்பள ஏற்றம் நிற்கும், மூப்பும் பின்தள்ளும். கூடச் சேர்ந்தவன் மேலதிகாரியாக வந்து நிற்பான். ஓடித்திரிந்து வேலை செய்கிற கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் இதில்தான் தேங்கிப்போகிறார்கள். வயது, உயரம், கண்பார்வை, பாடச் சித்தி எல்லாவற்றுக்கும் வர்த்தமானியில் வருகிற அறிவித்தல் ஒன்றுதான் நம்பத்தக்கது. ரியூசன் கொட்டில் கதைகளை நம்பி வயதைக் கடத்திவிடவேண்டாம்.

இனிக் கடலுக்கு வருவோம். கரையின் அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரைக்கும் ஆள்புலக் கடல், 24 வரைக்கும் தொடுவலயம், 200 வரைக்கும் பிரத்தியேகப் பொருளாதார வலயம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். 12 க்குள் எங்கள் சட்டம் முழுதாக ஓடும். தொடுவலயத்தில் சுங்கம், வரி, குடிவரவு, சுகாதாரம் சம்பந்தமான மீறல்களைத் தடுக்கலாம். அதற்கு வெளியே மீன்வளத்தில்தான் உரிமை பெரிது. அப்படியானால் படகை எந்த இடத்தில் மறித்தோம் என்பதுதான் வழக்கின் முதல் வரி.

இதில் அடிக்கடி நடக்கிற பிழை ஒன்றைக் கிட்டவாகக் காட்டுகிறேன். ஜீபீஎஸ் திரையில் 8 பாகை 35.30 கலை என்று இருக்கும். குறிப்புப் புத்தகத்தில் எழுதுகிறவர் அதை 8 பாகை 35 கலை 30 விகலை என்று எழுதிவிடுவார். ஒரு கலைக்கு 60 விகலை, ஆகவே 0.30 கலை என்றால் 18 விகலைதான். 12 விகலை வித்தியாசம் கடலில் ஏறத்தாழ 370 மீற்றர். 12 மைல் கோட்டுக்குப் பக்கத்தில் மறித்த படகு என்றால் அந்த 370 மீற்றரில் சட்டமே மாறிவிடும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி புத்தகத்தையும் கருவியின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் சாட்சி சொல்லும் அதிகாரிக்கு நா வறளும். திரையைப் படமெடுத்து, கருவியில் புள்ளியைச் சேமித்து, எந்த வடிவத்தில் எழுதுகிறோம் என்றும் குறிப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

நேரமும் அப்படித்தான். கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும் என்கிறது 1979 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம். கைதான இடத்திலிருந்து வருகிற பயண நேரம் அதில் சேராது. 90 கடல் மைல் வெளியே பிடித்த படகை 12 நொட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் கொண்டுவர ஏழரை மணித்தியாலம் ஆகும். கைதுசெய்த நேரம், திரும்பப் புறப்பட்ட நேரம், இறங்குதுறையில் கட்டிய நேரம் மூன்றையும் அப்போதே எழுதியிருந்தால் யாரும் குறைசொல்ல முடியாது. கரைக்கு வந்தபிறகு யோசித்து யோசித்து எழுதிய நேரங்கள் எல்லாம் 5, 10, 30 என்று முழு எண்ணாக இருக்கும். நீதிபதிகள் அதை இலேசில் விடமாட்டார்கள்.

போதைப்பொருள் வழக்குக்குத்தான் கூடுதலான கவனம் வேண்டும். தூய ஹெரோயின் 2 கிராமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் தண்டனை மரணம் அல்லது ஆயுள். ஐஸ் என்கிற மெதம்பெட்டமைனுக்கு 2022 திருத்தத்தின்படி 5 கிராம். இவ்வளவு பாரமான தண்டனை ஒரு சின்னப் பொதியில் தொங்குகிறபோது, அந்தப் பொதி கடந்துவந்த வழியில் சந்தேகத்துக்கு இடமிருக்கக்கூடாது. சந்தேகநபர் பார்த்துக்கொண்டிருக்க நிறுக்கவேண்டும். தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்ததை எழுதவேண்டும். வெறும் உறையின் எடை வேறாக, பொருளோடு வந்த எடை வேறாக. பிறகு உறையிலிட்டு, அரக்கு உருக்கி, அதிகாரி தன்னுடைய முத்திரையைப் பதித்து, சந்தேகநபரின் இடது பெருவிரல் அடையாளத்தையும் எடுக்கவேண்டும். நிலையத்தில் கொடுத்ததும் பீ.ஆர். இலக்கம், அதாவது சான்றுப்பொருள் பதிவேட்டு இலக்கம், விழும். அங்கிருந்து நீதிமன்றம், அரச பகுப்பாய்வாளர். பிடித்த கையிலிருந்து பகுப்பாய்வாளர் மேசை வரைக்குமான அந்தப் பயணம்தான் முக்கியம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் பெரேரா எதிர் சட்டமா அதிபர் வழக்கில் சொல்லியிருக்கிறது, 1998 சட்ட அறிக்கையில் இருக்கிறது. தம்பி ஒரு தரம் தேடி வாசிக்கட்டும்.

பிழை நடக்கிற இடங்கள் மூன்று. ஒன்று, காற்று. இறங்குதுறையில் கடற்காற்றுக்குள் சின்ன டிஜிட்டல் தராசு நிலைகொள்ளாது, இரண்டாம் தசமம் ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளே கொண்டுபோய், கதவைச் சாத்திவிட்டு நிறுக்கவேண்டும். இரண்டாவது, ஈரம். கடலில் மிதந்த சாக்கைப் பிரித்துக் கஞ்சாவைக் கப்பல் தளத்தில் நிறுத்தால் உப்புத் தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுப்போம். நிலையத்தில் அடுத்த நாள் நிறுக்கும்போது கிலோக்கணக்கில் குறையும். "மிச்சம் எங்கே போனது?" என்ற கேள்விக்கு அப்போது பதில் தேடக்கூடாது. முதல் எடையிலேயே "நனைந்த நிலையில்" என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் கேள்வியே எழாது. மூன்றாவது, கமரா. அரக்கு வைப்பதற்கு முன்னால் பொதிகளை மேசையில் பரப்பி, ஊடகங்களுக்குப் படம் எடுக்கவிட்டு, பத்துப் பேர் சுற்றி நிற்பது. அந்தப் படமே பிறகு எதிர்த்தரப்பின் சான்றாகிறது. ஒரு பொறுப்பதிகாரி "முதலில் முத்திரை, பிறகு படம்" என்று மேலதிகாரிக்கும் சொல்லத் துணிந்தால், அவர் பெரிய பதவிக்குத் தகுதியானவர் என்பது என் எண்ணம்.

படகைச் சோதிப்பதில் கண்ணைவிட அளவுநாடா உதவும். நெடுநாள் படகின் ஐஸ் அறையை உள்ளே அளந்து, மேல்தளத்தில் அதே பகுதியை வெளியே அளந்து பார்த்தால், சுவரின் தடிப்பைக் கழித்தபிறகும் இரண்டடி இடிக்கிறது என்றால் நடுவில் ஏதோ இருக்கிறது. தண்ணீர்த் தாங்கிக்குள் கோல் விட்டுப் பார்க்கவேண்டும். கோல் முட்டுகிற ஆழமும் வெளியே தெரிகிற உயரமும் ஒத்துவரவேண்டும். பழைய படகில் ஒரு மூலையில் மட்டும் புதுப் பைபர் பிசின் மணந்தாலும், துருப்பிடித்த ஆணிகளுக்குள் நாலு ஆணி மட்டும் மினுங்கினாலும் அங்கே நிற்கவேண்டும். இன்னொரு கணக்கும் இருக்கிறது: ஐஸ் குறைவு, டீசல் அதிகம், ஆறு பேர் படகுக்கு அரிசியும் தண்ணீரும் அறுபது பேருக்கு. அந்தப் படகு மீனுக்குப் போகவில்லை.

ஆட்களை ஏற்றிப்போகிற படகைப் பற்றிப் பேசாமல் திருகோணமலையில் இந்த வேலையைப் பேச முடியாது. 2012, 2013 இல் அவுஸ்திரேலியாவுக்கென்று கிழக்குக் கரையிலிருந்தும் எத்தனை குடும்பங்கள் ஏறின என்பது ஊருக்குத் தெரியும். அனுமதியில்லாத இடத்தால் நாட்டைவிட்டு வெளியேறுவது குற்றம்தான். ஆனால் தாலிக்கொடியை அடகுவைத்து ஏறியவரும், காசை வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்டவரும் சட்டத்தின் முன் ஒரே தட்டில் இல்லை. ஏற்றுகிறவர் கரையில்தான் இருப்பார், படகில் இருக்கமாட்டார். கடலில் இப்படியான படகை அணுகும்போது முதல் வேலை கைது அல்ல. ரோந்துப் படகைக் கண்டதும் சனம் ஒரு பக்கத்துக்கு ஓடும், அந்தப் பாரத்தில் படகு கவிழும். தூரத்தில் நின்று, தமிழிலும் சிங்களத்திலும் "எல்லோரும் இருந்த இடத்திலேயே இருங்கள்" என்று சொல்லி, உயிர்காப்பு அங்கியைக் கொடுத்த பிறகுதான் பக்கத்தில் அணையவேண்டும். வாடைக் காலத்தில், நவம்பரிலிருந்து பெப்ரவரி வரைக்கும், இந்தக் கரையில் அலை பெரிது, மாற்றி ஏற்றுவதே ஆபத்து. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது கரையோரம் குளம் மாதிரிக் கிடக்கும், ஆனால் காற்று தரையிலிருந்து வெளிக்கடலுக்கு இழுக்கும். எஞ்சின் நின்ற படகு கரைக்கு வராது. பெண்களைப் பெண் அதிகாரிதான் சோதிக்கலாம். பிள்ளைகளைச் சந்தேகநபர் வரிசையில் இருத்தக்கூடாது.

டைனமைட் மீன்பிடி இந்த மாவட்டத்தின் தீராத வருத்தம். புறாத்தீவுப் பக்கத்துப் பவளப்பாறை மாதிரி ஒன்று வளர எத்தனை தலைமுறை வேண்டும், சிதற ஒரு வெடி போதும். வெடிபோட்ட மீனை எப்படி நிரூபிப்பது? வெளியே பார்த்தால் பாரை மீன் வடிவாகத்தான் இருக்கும், வலையில் பட்ட மீனுக்குச் செவுளுக்குப் பின்னால் இருக்கிற கண்ணித் தழும்புகூட இருக்காது. வயிற்றைக் கீறினால் காற்றுப்பை கிழிந்திருக்கும், முள்ளந்தண்டோடு இரத்தம் உறைந்திருக்கும், நடுமுள் உடைந்து விலா முள்ளுகள் கழன்றிருக்கும். நேரம் போகப்போக வயிறு தானாகவே இளகிவிடும், அதன்பிறகு வெடியா அழுகலா என்று பிரிப்பது கஷ்டம். ஆகவே கடற்றொழில் பரிசோதகர் முன்னிலையில் உடனே, வேறு வேறு கூடைகளிலிருந்து எடுத்துக் கீறி, படமெடுத்து, மாதிரியை ஐஸில் வைக்கவேண்டும்.

இளநிலை அதிகாரி அந்த மீனோடு நிற்பார். மேலதிகாரி, வெடி எங்கேயிருந்து வந்தது என்று கேட்கவேண்டும். பெரும்பாலும் வோட்டர் ஜெல் குச்சிதான் பாவிக்கிறார்கள். அது கல் உடைக்கிற வேலைக்கு அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்படுகிற பொருள். குச்சியின் உறையில் தொகுதி இலக்கம் மிச்சமிருந்தால், கல்லுடைக்கும் இடங்களின் கையிருப்புப் புத்தகத்தோடு ஒப்பிடலாம். ஒரு நாளில் எத்தனை குழி துளைத்தார்கள், எத்தனை குச்சி வெடித்ததாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் கசிகிற ஓட்டை தெரியும். மூதூரில் நாலு மீனவரைப் பிடிப்பதைவிட அந்த ஒரு புத்தகத்தைத் திறப்பது பெரிய வேலை.

சுங்கம் கொஞ்சம் வேறுபட்ட உலகம். சீனன்குடாவுக்குக் கோதுமைக் கப்பல் வரும், சீமெந்து ஆலைக்குக் கிளிங்கர் வரும், எண்ணெய்த் தாங்கிகளுக்கு எண்ணெய் வரும். சரக்குப் பட்டியல், மாலுமிகளின் சொந்தப் பொருள் பிரகடனம், கப்பல் களஞ்சியத்துக்கு முத்திரை என்று காகித வேலை கூட. இங்கே விசாரிக்கிறவரும் தீர்ப்பவரும் சுங்க அதிகாரிதான். சரக்கைப் பறிமுதல் செய்யலாம், பெறுமதியின் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கலாம். அவ்வளவு அதிகாரம் ஒரே கையில் இருக்கிறபடியால், எதிர்த்தரப்பைக் கேட்காமல் எழுதிய உத்தரவு மேல்நீதிமன்றங்களில் நிற்பதில்லை.

மேலே போனபிறகு நாளில் பாதி கோப்புத்தான். கடமைப் பட்டியல், இடமாற்றம், ஒழுக்காற்று விசாரணை, தகவல் தருபவருக்குக் கொடுக்கிற காசு. அந்தக் கடைசி விஷயம் சின்ன ஊரில் உயிர்ப் பிரச்சினை. கிண்ணியாவில் ஒருவர் யாரோடு தேத்தண்ணி குடித்தார் என்பது மஃரிப் (மாலைத்) தொழுகைக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும். தகவல்காரரைப் பெயரால் எங்கும் எழுதக்கூடாது, குறியீட்டு எண் மட்டும். காசை ஒரு அதிகாரி தனியாகக் கொடுக்கக்கூடாது. வருடா வருடம் சொத்து, பொறுப்பு விவரம் கொடுக்கவேண்டும், 2023 இன் ஊழல் எதிர்ப்புச் சட்டத்துக்குப் பிறகு அதை இலேசாக எடுக்க முடியாது. சந்தேகநபர் மேல் கை வைத்தால் அதுவும் திரும்பி வரும்: அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை சித்திரவதையை முற்றாகத் தடுக்கிறது, 1994 இன் 22 ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்குகிறது, பாதிக்கப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடலாம். நட்டஈட்டை அதிகாரி தன் சொந்தப் பையிலிருந்து கட்டவேண்டி வந்திருக்கிறது. பொலிஸ் அதிகாரிக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் வழக்கில் செல்லாது என்பது 1895 இலிருந்து இருக்கிற சாட்சியச் சட்டம். அடித்து வாங்குவதில் சட்டப்படி ஒரு சதத்துக்கும் பிரயோசனம் இல்லை.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். ஆனாலும் தமிழ் மட்டும் தெரிந்த மீனவரின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, அவருக்கு வாசிக்கத் தெரியாத தாளில் ஒப்பம் வாங்குகிற பழக்கம் போகவில்லை. பிறகு மொழிபெயர்க்கும்போது "கரைவலை" வேறெதுவோ ஆகிவிடும், "கண்டேன்" "கேட்டேன்" ஆகிவிடும். தமிழும் சிங்களமும் ஒரே மாதிரி எழுதக்கூடிய ஒரு உப பரிசோதகருக்குத் திருகோணமலையில் இருக்கிற மதிப்பை வேறெந்தப் பட்டமும் தராது. தம்பி சிங்களத்தைப் பேச மட்டும் அல்ல, கையால் எழுதவும் படிக்கட்டும்.

வீட்டில் பெரியவர்கள் "அந்த வேலை எங்கட பிள்ளைக்கு வேண்டாம்" என்று சொல்லலாம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2006 ஜனவரி 2 இல் இந்த ஊர்க் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 ஜூலையில், சான்று போதாது என்று, குற்றம்சாட்டப்பட்ட 13 பேரும் இதே ஊர் நீதவான் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள். சான்று காக்கப்படாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் மேலே அரக்கு, தராசு, நேரம் என்று இவ்வளவு விரித்ததும் அதனால்தான். தாய்மாருக்கு அவர்களுடைய மொழியிலேயே பதில் சொல்லி, ஒவ்வொரு பொருளையும் முறையாக முத்திரையிட்டு வைக்கிற பிள்ளைகள் உள்ளே போகவேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

இப்போதைக்குச் செய்யவேண்டியது: வெள்ளிக்கிழமை வர்த்தமானியைத் தவறாமல் பார்ப்பது, பல்கலைக்கழகம் கிடைத்தால் விட்டுவிடாமல் பட்டத்தை முடிப்பது (சுங்கத்துக்கும் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் அது வேண்டும்), நீச்சல் பழகுவது. நேரம் கிடைக்கிற நாளில் மேல் நீதிமன்றத்தில் திறந்த மன்றில் நடக்கிற ஒரு போதைப்பொருள் வழக்கில் பின்வரிசையில் அமர்ந்து, சாட்சிக் கூண்டில் நிற்கிற அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்வதை முழுதாகக் கேட்கட்டும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் விண்ணப்பத்தை நிரப்பலாம்.